வேலியும் திரும்பும் வழியும்

(நாகர்கோவிலில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எல்லையில் வேலி போட்டால் சட்டவிரோதக் குடியேற்றம் தீருமா என்பது எனக்குத் தந்திருக்கும் தலைப்பு. அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "வேலியப் பத்திப் பேசுகதுக்கு நம்ம ஊருல என்ன உண்டு? மூணு பக்கமும் கடலாக்கும்" என்றார். அவர் சொன்னதில் பாதி சரி. இந்த மாவட்டத்துக்கு அந்நிய நாட்டோடு நிலத்தில் ஓர் அங்குலம்கூட எல்லை கிடையாது. ஆனால் எல்லை இடம் மாறியதால் பிறந்த மாவட்டம் இது. 1956 அக்டோபர் 31 வரை நமக்கு எல்லை ஆரல்வாய்மொழி. மறுநாள் அது களியக்காவிளைக்குப் போய்விட்டது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நாலு தாலுகாக்காரர்களும் உறக்கம் விழித்தபோது வேறு மாநிலத்தில் இருந்தார்கள். அதனால் இதைப் பேச நமக்குத் தகுதி உண்டு.

ஆரல்வாய்மொழியிலிருந்தே தொடங்குகிறேன். அங்குள்ள கணவாயை அடைத்துத் திருவிதாங்கூர் அரசு கட்டிய காவல் சுவர், மலையடிவாரத்தில் கிளம்பித் தெற்கே வட்டக்கோட்டைக் கடற்கரைப் பக்கம் வரை நீண்ட ஒரு வரிசையின் பகுதி. 1741ல் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு மார்த்தாண்ட வர்மாவுக்கே படை நடத்திய டச்சுக்காரர் டிலனாயின் கைவண்ணம் அதில் இருந்தது. 1809 பிப்ரவரியில் வேலுத்தம்பி தளவாய்க்கு எதிராகக் கர்னல் செயிண்ட் லெகர் தலைமையில் கம்பெனிப் படை வந்தபோது அந்தச் சுவரில் நேராகப் போய் முட்டவில்லை. மேஜர் வெல்ஷ் ஒரு பிரிவைக் கூட்டிக்கொண்டு, சுவரை ஒட்டி நின்ற செங்குத்தான மலையில் இரவோடு இரவாக ஏறினார். 10ஆம் தேதி காலையில் முழு வரிசையும் கம்பெனி வசமானது. படையெடுப்பையும் பிழைப்புத் தேடி வருகிறவர்களையும் நான் ஒன்றாக்கவில்லை. காவல்காரனுக்கு இரண்டிலும் உள்ள சங்கடம் ஒன்றுதான். சுவர் பலமாக இருக்கும் இடத்துக்கு யாரும் வருவதில்லை.

படை போன பிறகும் ஆரல்வாய்மொழியில் சுங்கச் சாவடி இருந்தது. புகையிலை அன்றைக்குத் திருவிதாங்கூர் அரசின் தனியுரிமை. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்த புகையிலையை அரசு வாங்கிப் பன்மடங்கு விலைக்கு விற்றது. மலைக்கு அந்தப் பக்கம் திருநெல்வேலிச் சீமையில் விலை குறைவு. அப்புறம் என்ன, மலைப்பாதை முழுக்கப் புகையிலைச் சுமைதான். திவான் மாதவராவ் காலத்தில் தனியுரிமை ஒழிந்தது. 1865ல் பிரிட்டிஷ் இந்தியாவோடும் கொச்சியோடும் செய்த வணிக உடன்பாட்டில் பெரும்பாலான சரக்குகளுக்குச் சுங்கம் எடுபட்டது. அந்தச் சரக்குகளைக் கடத்துகிற தொழிலும் அதோடு போயிற்று. யாரையும் சுட வேண்டியிருக்கவில்லை.

இதே காலத்தில் வடக்கே நடந்தது இன்னும் விசித்திரம். உப்பு வரிக்காகப் பிரிட்டிஷ் அரசு சிந்து நதிக்கரை அட்டாக்கிலிருந்து ஒரிசாவின் மகாநதிப் பக்கம் வரை ஏறத்தாழ 2,300 மைலுக்கு ஒரு சுங்கக் கோடு போட்டது. அதில் பல நூறு மைலுக்கு உயிர்வேலி. கருவேலம், களா, சப்பாத்திக்கள்ளி என்று ஒரு ஆளும் நுழைய முடியாமல் அடர்ந்து, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்குக்கு மேல் வளர்ந்து நின்றது. காவலுக்குப் பன்னிரண்டாயிரம் பேர். பிற்காலத்தில் காங்கிரஸைத் தொடங்கிய ஆலன் ஆக்டேவியன் ஹியூம் சில வருஷம் அந்தத் துறைக்குத் தலைவராக இருந்து, வேலியைச் சிரத்தையாக வளர்த்தார் என்பது நம் பாடப்புத்தகத்தில் வராத செய்தி. 1879 ஏப்ரலில் அந்தக் கோட்டைக் கைவிட்டார்கள். காரணம், சாம்பார் ஏரி போன்ற உப்பளங்களை அரசு கைப்பற்றி, உற்பத்தியாகும் இடத்திலேயே வரி வாங்கத் தொடங்கியது; மாகாணங்களுக்கிடையே வரி வித்தியாசமும் சுருங்கியது. உப்பு வரி அதற்குப் பிறகும் இருந்தது, அது வேறு கதை. வேலிக்கு இரண்டு பக்கமும் விலை ஏறக்குறைய ஒன்றானதும் அதற்கு வேலை இல்லாமல் போயிற்று என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

சரக்குக்கும் மனிதருக்கும் வித்தியாசம் உண்டு. புகையிலை மூட்டை திரும்பி வர ஆசைப்படாது. மனிதர் ஆசைப்படுவார். அம்மாவுக்கு முடியவில்லை, தங்கைக்குக் கல்யாணம், கோயில் கொடை என்று காரணம் வந்துகொண்டே இருக்கும். வேலியைப் பற்றிய விவாதத்தில் எல்லோரும் உள்ளே வருகிறவர்களை எண்ணுகிறார்கள். திரும்பிப் போக முடியாமல் தங்கிவிட்டவர்களை எண்ணுவதில்லை. இன்றைக்கு நான் பேச வந்தது அவர்களைப் பற்றி.

நமக்கு மிக நெருங்கிய உதாரணம் பாக் நீரிணை. 19ஆம் நூற்றாண்டில் இராமநாதபுரம், திருச்சி, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து மட்டுமல்ல, தென் திருவிதாங்கூரிலிருந்தும் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு ஆட்கள் போனார்கள். ஊழிய வேலை, சாதிக் கொடுமை, பஞ்சம் ஆகியவற்றிலிருந்து தப்ப அன்றைக்கு நம் பக்கத்து ஏழைகளுக்குத் தெரிந்த வழி இரண்டு: மிஷன் சபையில் சேர்வது, சிலோனுக்குப் போவது. இரண்டையும் செய்தவர்களும் உண்டு. காப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் காலத்துக்குப் போய், முடிந்ததும் காசை முடிந்துகொண்டு திரும்பி வந்தார்கள். வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்கள் கணக்கில்லை. அதை மறைத்து நான் அந்தக் காலத்தைப் புகழவில்லை. ஆனால் போக்குவரத்து இருந்தது. 1869க்குப் பிறகு இலைநோய் வந்து காப்பி அழிந்து தேயிலை வந்தபோது வருஷம் முழுக்க ஆள் வேண்டியதாயிற்று. குடும்பமாகப் போய் லயன் வீடுகளில் தங்கினார்கள். அப்போதும் ஊருக்கு வந்து போனார்கள். 1914ல் பாம்பன் பாலம் திறந்த பின், எழும்பூரில் போட் மெயில் ஏறி தனுஷ்கோடியில் இறங்கி, கப்பல் மாறினால் தலைமன்னார்.

1939ல் இந்திய அரசே கூலித் தொழிலாளர் இலங்கைக்குப் போவதைத் தடை செய்தது. 1948ல் இலங்கை சுதந்திரம் பெற்றதும் செய்த முதல் காரியங்களில் ஒன்று குடியுரிமைச் சட்டம். தகப்பனோ, இல்லையென்றால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததாகக் காட்ட வேண்டும். லயன் வீட்டில் பிறந்தவரிடம் பூட்டனின் பிறப்புச் சான்றிதழைக் கேட்டால் எங்கே போவார்? அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் இன்னொரு வாசலைத் திறந்தது போலத் தோன்றியது. 1946க்கு முன்னால், கல்யாணமானவர் ஏழு வருஷமும் மற்றவர் பத்து வருஷமும் இடைவிடாமல் இலங்கையில் வசித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு தடவை பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இந்தியாவில் தங்கியிருந்தால் அந்த 'இடைவிடாமல்' அறுந்துபோகும். எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்ததில் சுமார் 1.34 லட்சம் பேருக்குத்தான் கிடைத்தது. அப்பனின் கடைசிக் காலத்தில் ஊரில் கூட இருந்து பார்த்தவர் தகுதி இழந்தார். ஊரை மறந்து தோட்டத்திலேயே கிடந்தவர் தகுதி பெற்றார்.

இதோடு கடவுச்சீட்டு, விசா, தற்காலிக வசிப்பு அனுமதி எல்லாம் வந்தன. ஆனால் இரண்டு கரையிலும் உறவும் கடையும் கடனும் அப்படியேதான் இருந்தன. ஆகவே தோணி ஓடியது. இந்தப் பக்கம் கோடியக்கரை, தொண்டி, இராமேசுவரம். அந்தப் பக்கம் மன்னார், வல்வெட்டித்துறை. சேலையும் கைலியும் பீடி இலையும் ஏறிய அதே வத்தைகளில் ஆட்களும் ஏறினார்கள். 1952ல் இலங்கை ராணுவம் வடமேற்குக் கரையில் 'ஆபரேஷன் மாண்டி' என்ற நடவடிக்கையைத் தொடங்கியது. 1963ல் அதை விரித்துக் கள்ளக் குடியேற்றத் தடுப்புக்கென்றே தனிப் படைப்பிரிவு ஒன்றை அமைத்தார்கள். அது 1981 வரை இருந்தது. ஏறத்தாழ முப்பது வருஷம் ஒரு நாட்டின் ராணுவமும் கடற்படையும் ஒரு குறுகிய நீரிணையைக் காவல் காத்திருக்கின்றன.

பலன் என்ன? பிடிபட்டவர்கள் பிடிபட்டார்கள். தோணிக் கூலி ஏறியது. தோணியையே பார்த்திராத மலையகத் தமிழரையும் சந்தையிலும் பஸ்ஸிலும் 'கள்ளத்தோணி' என்று கூப்பிடும் வழக்கம் பரவியது. கள்ளக் குடியேற்றம் நின்றது எழுபதுகளில். என் கணிப்பில், நிறுத்தியது படை அல்ல, பசி. 1972லும் 1975லும் தோட்டங்கள் தேசியமயமாயின. 1973, 74ல் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைத்தான் முதலில் அடித்தது, லயன்களில் ஆட்கள் பட்டினியால் செத்தார்கள். அங்கே போய் என்ன செய்வது? நம் ஆட்கள் பம்பாய்க்கும் வளைகுடாவுக்கும் திரும்பிவிட்டார்கள். வேலியின் இரண்டு பக்கமும் விலை சமமானது, இந்தத் தடவை கீழ்நோக்கி.

பிறகு திசையே மாறியது. 1983 ஜூலைக் கலவரத்துக்கும் 1987 ஜூலைக்கும் இடையில் 1.34 லட்சம் பேர் அதே நீரிணையை இந்தப் பக்கமாகக் கடந்து வந்தார்கள். மண்டபம் முகாமை நினைத்துப் பாருங்கள். இலங்கைக்குப் போகும் தோட்டத் தொழிலாளரை நிறுத்தி வைத்து நோய் பார்த்து அனுப்புவதற்காக இலங்கை அரசு நடத்திய இடம் அது. அடுத்து, ஒப்பந்தப்படி திரும்பி வந்தவர்கள் அங்கே இறங்கினார்கள். 1983க்குப் பிறகு அகதிகள். 2022 மார்ச் முதல், பொருளாதாரம் முறிந்துபோன இலங்கையிலிருந்து அரிச்சல்முனை மணல் திட்டுகளில் இறக்கிவிடப்பட்டவர்களையும் அங்கேதான் கொண்டுபோய் வைத்தார்கள். எந்தத் திசைக்கு யார் வேலி போடுவது என்று முன்கூட்டித் தீர்மானித்திருக்க முடியுமா?

ஒப்பந்தம் என்று சொன்னேன். 1964 அக்டோபர் 30ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டது. நாடற்றவர் என்று எண்ணப்பட்ட 9.75 லட்சம் பேரில் 5.25 லட்சம் இந்தியாவுக்கு, 3 லட்சம் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்றார்கள், 1974ல் சமமாகப் பிரித்தார்கள். பங்குச் சொத்து மாதிரி. ஒப்பந்தம் போட்டு இரண்டு மாதத்துக்குள் டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே கடலுக்குள் போயிற்று.

இந்தப் பாகப்பிரிவினையில் ஒரு பங்கு நம் மாவட்டத்துக்கு வந்தது. கீரிப்பாறை, சிற்றாறு, கோதையாறு, மணலோடைப் பக்கம் போயிருப்பவர்களுக்குத் தெரியும். வனத்துறை வளர்த்து, 1984ல் அரசு ரப்பர் கழகம் என்று நிறுவனமான தோட்டங்களில் பால் வெட்ட வந்தவர்களில் பலர் தாயகம் திரும்பிய குடும்பங்கள். களுத்துறை, கேகாலைப் பக்கம் ரப்பரில் நின்றவருக்கு வேலை புதிதில்லை. நுவரெலியாவில் கொழுந்து எடுத்த பெண்கள் பால்வெட்டுக் கத்தி பிடிக்கப் பழகினார்கள். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மலையேறி மரத்துக்கு மரம் சிரட்டை பார்க்கிற அவர்களை நாம் வெகுகாலம் 'சிலோன்காரங்க' என்றே சொன்னோம். சிலோனில் அவர்களை 'இந்தியாக்காரர்' என்றார்கள்.

இன்னொரு பக்கம், இதே மாவட்டத்தில் பெருமாள்புரம், பழவிளை, ஞாறான்விளை, கோழிவிளை முகாம்கள். இவை போருக்குத் தப்பித் தோணியில் வந்தவர்களுக்கானவை. தமிழக முகாம்களில் இருப்போரில் கணிசமானவர்கள் மலையக வழியினர். 1977, 1983 கலவரங்களில் மலைநாட்டை விட்டு வன்னிக்கு ஓடி, அங்கிருந்து இங்கே வந்தவர்கள். ஆகவே ஒரு தோட்டத்து அண்ணன் குடும்பம் 1970களில் ஒப்பந்தக் காகிதத்தோடு கப்பலில் வந்திருந்தால் இந்தியக் குடிமகன். தம்பி குடும்பம் 1990ல் படகில் வந்திருந்தால், 2003ல் திருத்தப்பட்ட நம் குடியுரிமைச் சட்டத்தின் கண்ணில் சட்டவிரோதக் குடியேறி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் பஸ்ஸில் போகிற தூரம்தான். 2004 டிசம்பர் 3க்குப் பிறகு பெற்றோரில் ஒருவர் அப்படி வகைப்படுத்தப்பட்டிருந்தால் இங்கே பிறந்த பிள்ளைக்கும் பிறப்பால் குடியுரிமை இல்லை. மார்த்தாண்டத்தில் படித்து, நம்மைப் போலவே 'ஆக்கும்' போட்டுப் பேசுகிற பிள்ளை எந்த எல்லையைத் தாண்டியது?

இனி, கம்பி வேலி உண்மையிலேயே நிற்கும் இடத்துக்கு வருவோம். இந்தியா வங்கதேச எல்லை 4,096 கிலோமீட்டர். 1983ல் அசாமில் நெல்லிப் படுகொலை, 1985ல் அசாம் உடன்படிக்கை, அதையொட்டி வேலித் திட்டம். இன்றைக்கு மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வேலி எழுந்துவிட்டது. துப்ரியில் பிரம்மபுத்திரா பாயும் இடத்தில் கம்பம் நட முடியாது. மழைக்கு மழை ஆறு தன் கரையை மாற்றும். அங்கே 61 கிலோமீட்டருக்கு 2019ல் மின்னணுக் கண்காணிப்பு வைத்தார்கள். எல்லைக் கோட்டிலிருந்து 150 கஜத்துக்குள் எதுவும் கட்டக்கூடாது என்பது 1975ல் இரு நாடுகளும் ஒத்துக்கொண்ட விதி. ஆகவே வேலி நம் நிலத்துக்குள்ளேயே ஓடுகிறது. வேலிக்கு அப்பால் மாட்டிக்கொண்ட இந்திய விவசாயி, கேட் திறக்கும் நேரத்தில் அடையாள அட்டையைக் காட்டித் தன் வயலுக்குப் போய், கேட் அடைக்குமுன் திரும்ப வேண்டும். நாற்றங்காலில் இராத்திரி தண்ணீர் பாய்ச்ச வேண்டிய நேரம் என்று ஒன்று இருப்பது வேலி போட்டவர்களுக்குத் தெரியாது போலும்.

2011 ஜனவரி 7ஆம் தேதி அந்த வேலியில் ஒரு சம்பவம் நடந்தது. பதினைந்து வயதுப் பெண். தகப்பனோடு ஏணி வைத்து வேலி ஏறியபோது உடை கம்பியில் சிக்கிக்கொண்டது. பயந்து கத்தினாள். எல்லைக் காவலர் சுட்டதில் இறந்து, மணிக்கணக்கில் கம்பியில் தொங்கினாள். அந்தப் புகைப்படத்தை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். அவள் இந்தியாவுக்குள் நுழைய வரவில்லை. இந்தியாவிலிருந்து சொந்த ஊருக்கு, தன் கல்யாணத்துக்காகத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

அமெரிக்காவில் இதை எண்ணிக் காட்டியிருக்கிறார்கள். டக்ளஸ் மாஸி என்ற சமூகவியலாளரும் அவருடைய சகாக்களும் மெக்சிகோ ஊர்களில் பல்லாண்டு குடும்பம் குடும்பமாகக் கேட்டுச் சேர்த்த தகவல் இது. 1980கள் வரை மெக்சிகோ ஆண்கள் அறுவடைக்குப் போய் ஊருக்குத் திரும்பினார்கள். 1994லிருந்து எல்லை நகரங்களில் சுவரும் காவலும் கூடின. பாதை அரிசோனாப் பாலைவனத்துக்கு மாறியது, கடத்திக் கூட்டிப்போகிறவன் கேட்கும் பணம் பல மடங்கு ஏறியது, தாகத்தில் சாவு பெருகியது. வருகிறவர் வந்தார். ஆனால் இவ்வளவு செலவழித்து உயிரைப் பணயம் வைத்து வந்தவர் தீபாவளிக்கு ஊருக்குப் போவது போல கிறிஸ்துமஸுக்குப் போய் வர முடியுமா? அங்கேயே தங்கினார். மனைவி மக்களையும் எப்படியாவது வரவழைத்தார். 1990ல் சுமார் 35 லட்சமாக இருந்த ஆவணமற்றோர் தொகை 2007ல் 1.2 கோடி ஆனது. சுவருக்குச் செலவு ஏறிக்கொண்டிருந்த அதே காலம் அது.

வேலியே பயனில்லை என்று நான் சொன்னால் அது பொய்யாகும். இஸ்ரேல் எகிப்தோடு உள்ள எல்லையில் ஏறத்தாழ 240 கிலோமீட்டர் வேலியை 2013ல் முடித்தது. 2011ல் பதினேழாயிரத்துக்கு மேல் வந்தவர்கள், 2013ல் நூறு பேர்கூட இல்லை. எல்லை குட்டையாக, பாலைவனமாக, இரண்டு பக்கமும் உறவே இல்லாததாக இருந்தால் வேலி ஆளை நிறுத்தும். கூடவே, பிடிபட்டவரை நீண்ட காலம் அடைத்து வைக்கச் சட்டமும் போட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஹங்கேரி 2015 செப்டம்பரில் செர்பிய எல்லையை அடைத்தது. சில நாளிலேயே கூட்டம் குரோஷியா வழியாகத் திரும்பியது. ஹங்கேரிக்கு அது வெற்றி, ஐரோப்பாவுக்கு இல்லை. நம் வங்க எல்லையில் இஸ்ரேலின் உதாரணத்தைக் காட்டுகிறவர்கள் ஒரு தடவை கூச்பிஹார் போய் வரட்டும். வீட்டுக் கொல்லைப்புறம் வேறு நாடாக இருக்கும் ஊர்கள் அங்கே உண்டு.

நம் மாவட்டத்திலேயே, தாங்களே சட்டவிரோதக் குடியேறிகளாக இருந்து வந்தவர்கள் எத்தனை பேர்? கை தூக்கச் சொல்ல மாட்டேன். வளைகுடாவைச் சொல்கிறேன். அறுபதுகளில் கேரளக் கரையிலிருந்து உருக்களிலும் லாஞ்சுகளிலும் கிளம்பி, கோர்ஃபக்கான் பக்கம் கரைக்கு எட்டத்தில் இறக்கிவிடப்பட்டு, நீந்திக் கரையேறிய தலைமுறை ஒன்று உண்டு. கரை சேராதவர்களும் உண்டு. எழுபதுகளின் எண்ணெய்க் காலத்தில் விசா கிடைக்கத் தொடங்கியதும் லாஞ்சு ஓட்டம் தானாக ஓய்ந்தது. விமானம் ஏற வழி இருக்கும்போது எவன் நீந்துவான்?

அப்புறம் வந்த சட்டவிரோதம் வேறு மாதிரி. முறையான விசாவில் போய், சொன்ன சம்பளம் தராத ஸ்பான்சரை விட்டு வெளியேறி வேறு இடத்தில் வேலை பார்ப்பவரை அங்கே 'கல்லிவல்லி' என்பார்கள். பாஸ்போர்ட் பழைய முதலாளியிடம் இருக்கும். விசா முடிந்த நாளிலிருந்து அபராதம் ஏறிக்கொண்டே போகும். ஊருக்குப் போக வேண்டுமானால் அதைக் கட்ட வேண்டும், கட்டக் காசில்லை, ஆகவே போக மாட்டார். அப்பா சாவுக்கு வராத மகன், பிள்ளை முகம் பார்க்காத தகப்பன் என்று நம் கடற்கரை ஊர்களில் எத்தனை வீடுகள். பொது மன்னிப்பு அறிவித்ததும் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். 2013ல் சவூதியில் அறிவித்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் நாடு திரும்பினார்கள். தூதரக வாசலில் நின்ற வரிசை உள்ளே நுழைய நின்றதில்லை, வெளியே போக நின்றது. கம்பி இல்லாத வேலிதான் அவர்களை அங்கே பிடித்து வைத்திருந்தது.

வேலி உயர்ந்துகொண்டே போனால் கடைசியில் என்ன நடக்கும் என்பதற்கு நம் கடலே சாட்சி. 2014 ஜூனில் புதுச்சேரிக் கரையிலிருந்து 157 தமிழர்கள் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார்கள். அவர்களில் சுமார் ஐம்பது பேர் குழந்தைகள். நடுக்கடலில் பிடித்து ஏறத்தாழ ஒரு மாதம் கப்பலிலேயே அடைத்து வைத்து, கடைசியில் நவ்ரு தீவுக்கு அனுப்பினார்கள். அடைத்து வைத்தது சட்டப்படி செல்லும் என்று 2015 ஜனவரியில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் சொன்னது. 2019 ஜனவரியில் கொச்சிக்கு வடக்கே முனம்பத்திலிருந்து ஒரு மீன்பிடிப் படகில் நூறு பேருக்கு மேல் போனார்கள். பலர் தில்லியில் குடியிருந்த தமிழ்க் குடும்பத்தினர். கரையில் விட்டுப்போன பைகளைப் பார்த்துத்தான் போலீசுக்கே விஷயம் தெரிந்தது. குடும்பத்தார் வருஷக் கணக்கில் ஒரு போன் அழைப்புக்குக் காத்திருந்தார்கள். 2021 அக்டோபரில் கனடாவுக்குப் போன 89 ஈழத்தமிழரின் படகு பழுதாகி, டிகோ கார்சியாவில் கரையேறியது. நம் தூத்தூர்ப் பக்கத்துச் சுறா வேட்டைக்காரர்கள் வழி தவறினால் பிடிபடும் அதே பிரிட்டிஷ் தீவு. மூன்று வருஷத்துக்கு மேல் அங்கே கூடாரத்தில் வைத்திருந்தது சட்டவிரோத அடைப்பு என்று 2024 டிசம்பரில் அந்தப் பிரதேசத்து நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. குடியேறிகள்தான் சட்டத்தை மீறுவார்கள் என்று எண்ணியிருப்பவர்கள் அந்தத் தீர்ப்பைப் படிக்கலாம்.

"அப்படியானால் கதவை மலர்த்தித் திறந்து போட்டுவிடலாமா, உலகமே வந்துவிடாதா?" என்ற கேள்வி வரும். நேபாளத்தைப் பாருங்கள். 1,751 கிலோமீட்டர் எல்லை. 1950 ஒப்பந்தப்படி விசா இல்லை, பாஸ்போர்ட் தேவையில்லை, இங்கே வேலை பார்க்கத் தடையும் இல்லை. அது நம்மைவிட ஏழை நாடு. எழுபது வருஷத்துக்கு மேலாகத் திறந்திருக்கும் அந்த வாசல் வழியாக நேபாளம் முழுவதும் இந்தியாவுக்குள் வந்து உட்கார்ந்துவிடவில்லை. வந்தார்கள். நாகர்கோவில் தெருக்களில் இரவில் விசில் ஊதிப்போகும் கூர்க்காவும், ஓட்டல் சமையல்கட்டில் நிற்கும் பையனும் வந்தார்கள். தசைன் பண்டிகைக்கு ஊருக்குப் போகிறார்கள், திரும்பி வருகிறார்கள், வயதானால் ஊரிலேயே இருந்துவிடுகிறார்கள். திரும்பி வர முடியும் என்று தெரிந்தவர்தான் நிம்மதியாக ஊருக்குப் போகிறார்.

இதை அப்படியே எல்லா எல்லைக்கும் பொருத்திவிட முடியாது. உளவு, ஆயுதக் கடத்தல், போலி நோட்டு எல்லாம் உண்மைதான், அவற்றுக்குக் காவல் வேண்டும். ஆனால் கூலி வேலைக்கு வருகிறவரைத் தடுப்பது வேறு வேலை. அதற்கு, வங்கதேசத்திலிருந்து ஆறு மாதம் வந்து வேலை பார்த்துத் திரும்பக்கூடிய முறையான வேலை அனுமதியை ஏன் யோசிக்கக் கூடாது? காகிதமில்லாத ஆளுக்குப் பாதிக் கூலி கொடுத்து லாபம் பார்க்கிற முதலாளியை எத்தனை பேரைப் பிடித்திருக்கிறோம்? திருப்பூரிலும் சென்னையிலும் போலி ஆதாரோடு பிடிபட்ட வங்கதேசத் தொழிலாளி படம் பத்திரிகையில் வருகிறது. அவருக்குச் சம்பளம் கொடுத்தவர் படம் வருவதில்லை. இன்னொன்று: ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் நம் செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் வருகிறவர்கள் இந்தியக் குடிமக்கள். வங்காளம் பேசுகிறவரெல்லாம் வங்கதேசத்தவர் என்று நினைத்து டீக்கடையில் அடையாள அட்டை கேட்கிற உற்சாகம் சிலருக்கு வந்திருக்கிறது. இலங்கைச் சந்தையில் நம் தாத்தாக்களிடம் இதைத்தான் கேட்டார்கள்.

இலங்கைப் பக்கம் 2003ல் ஒரு சட்டம் போட்டு, 1964 முதல் அங்கேயே நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கினார்கள். நாடாளுமன்றத்தில் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. நாடற்றவர் பிரச்சினையின் இலங்கைப் பகுதி அதோடு பெரும்பாலும் முடிந்தது. நம் பக்கம், 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றி, வீடுகளைப் புதிதாகக் கட்டிக் கொடுக்கத் தொடங்கியது. நல்ல காரியம், ஆனால் குடியுரிமை மாநில அரசின் கையில் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளைச் சொன்னபோது இலங்கையைச் சொல்லவில்லை. 2025ல் புதிய குடியேற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து மத்திய அரசு விலக்கு அளித்தது. ஜெயிலுக்குப் போக வேண்டியதில்லை என்பது வரை வந்திருக்கிறோம். நீண்டகால விசா, அதிலிருந்து குடியுரிமை என்ற அடுத்த படிகள் இனிமேல்தான். 2022ல் அரிச்சல்முனையில் இறங்கியவர்கள் அந்தத் தேதிக்கு வெளியே நிற்கிறார்கள்.

எனக்குத் தந்த நேரம் முடிந்துவிட்டது. அரங்கில் முகாமிலிருந்து வந்திருக்கும் மாணவர்கள் சிலர் இருப்பதாகக் கூட்டத் தலைவர் சொன்னார். அவர்கள் முதலில் கேள்வி கேட்கட்டும்.